மேல் சுரங்களில் கார்வை இல்லை: பியானோவை விற்றுவிடலாமா?

சுண்டுக்குளியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

“வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது அப்பம்மா காலத்து அப்ரைட் பியானோ, இங்கிலாந்தில் செய்தது. போன வருடம் சுருதி கூட்டினோம். ஆனாலும் நடு சீக்கு மேலே ஒரு ஸ்தாயி தாண்டினால் சுரம் நிற்பதில்லை. ‘டொக்’ என்று கேட்டு அப்படியே அடங்கிவிடுகிறது. மெதுவான பாட்டு ஒன்றைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட முடியவில்லை. கீழ்ச் சுரங்களும் இப்போது மந்தமாகத்தான் கேட்கின்றன. பின்பக்கப் பலகையில் நீளமாக ஒரு வெடிப்பு இருக்கிறது. பார்க்க வந்தவர் ‘ஒலிப்பலகை போய்விட்டது, வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனார். இது திருந்துமா? கம்பிகளை மாற்றினால் சரிவருமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு விற்க வேண்டாம். பலகையில் வெடிப்பு இருக்கிறது, சுரமும் நிற்கவில்லை என்பதற்காக வெடிப்புத்தான் காரணம் என்று ஆகிவிடாது. நாற்பது, ஐம்பது வருடம் வெடித்த பலகையோடு நன்றாகப் பாடும் பியானோக்கள் உண்டு. புத்தம்புதுப் பலகையை வைத்துக்கொண்டு ‘டொக்’ என்று அடங்குபவையும் உண்டு. ஒலிப்பலகையைப் பழிசொல்வது திருத்துபவருக்கு வசதியான பதில்; அதற்குமேல் யாரும் அவரிடம் கேள்வி கேட்கமாட்டார்கள். என்னுடைய வழக்கம், பலகையைக் கடைசியாகப் பார்ப்பது. அதற்கு முன்னால் கம்பியை யாராவது தொட்டு நிறுத்துகிறார்களா என்று பார்ப்பேன். பழைய அப்ரைட்களில் பாதிக்கு மேல் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

கார்வை, அதாவது அடித்த சுரம் நீண்டு நிற்பது, எங்கே போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பிறகு சோதனைகள் விளங்கும். சுத்தியல் ஒருமுறை அடித்துவிட்டு விலகிவிடுகிறது. அந்த ஒரு அடியில் கிடைத்த சக்திதான் கம்பியின் முழு முதல். அது குதிரை (கம்பிகள் அழுத்தி நிற்கும் மரக்கட்டை) வழியாக ஒலிப்பலகைக்குப் போய், பலகை காற்றை அசைக்கும்போதுதான் நமக்குக் கேட்கிறது. தொட்டியில் இருக்கும் தண்ணீர் மாதிரித்தான்: குழாயை அகலத் திறந்தால் ஓவென்று கொட்டிச் சீக்கிரம் தீரும், ஒடுக்கித் திறந்தால் மெல்ல நெடுநேரம் வரும். பலகையும் குதிரையும் மிக இளகலாக இருந்தால் சத்தம் முதலில் பெரிதாக வந்து உடனே செத்துவிடும். மிக இறுக்கமாக இருந்தால் நெடுநேரம் நிற்கும், ஆனால் மெல்லியதாக இருக்கும். ஆகவே உரத்த சத்தமும் நீண்ட கார்வையும் ஒரே முதலில் இருந்துதான் வருகின்றன. இரண்டையும் வேண்டிய அளவு கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொட்டியில் ஓட்டை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. டம்பர் (கட்டையை விட்டதும் கம்பியைத் தொட்டு அடக்கும், ஃபெல்ட் என்ற கம்பளித் துணி ஒட்டிய துண்டு) உரசுவது, சுத்தியல் ஒட்டிக்கொள்வது, குதிரையில் ஆணி ஆடுவது எல்லாம் ஓட்டைகள். அவற்றை அடைக்கலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேற்சுரங்களுக்கு இயற்கையாகவே ஆயுள் குறைவு. நல்ல நிலையிலுள்ள பியானோவில் நடு சீ பதினைந்து வினாடிக்கு மேல் காதில் நிற்கும். உச்சியில் கடைசிச் சில சுரங்கள் ஓரிரு வினாடியில் முடிந்துவிடும். மேலே உள்ள பதினெட்டு, இருபது சுரங்களுக்கு டம்பரே வைப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அடக்க வேண்டிய அளவுக்கு அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. நீங்கள் குறிப்பிடும் இடம் அதற்குக் கீழே. ஐந்தாம் ஸ்தாயியின் நடுவிலிருந்து ஆறாம் ஸ்தாயி வரையுள்ள பகுதி பெரிய கொன்சேர்ட் பியானோக்களிலும் சோதனையான இடம். வலக்கையின் மெல்லிசை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது, குறை உடனே தெரிகிறது.

சரி, வேலையைத் தொடங்குவோம். வீட்டில் ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து மின்விசிறியை நிறுத்திவிட்டு, நடு சீயிலிருந்து மேலே ஒவ்வொரு வெள்ளைக் கட்டையையும் ஒரே பலத்தில் அடித்து, சத்தம் முழுதாக அடங்கும் வரை பிடித்துக்கொண்டு கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். எத்தனை வினாடி என்பதைவிடப் பக்கத்துச் சுரத்தோடு ஒப்பிடுவதுதான் முக்கியம். மேலே போகப்போகச் சீராகக் குறைந்துகொண்டே வந்தால் ஒரு கதை. எஃப் நன்றாக நின்று, ஜீ செத்து, ஏ மறுபடி நன்றாக நின்றால் அது வேறு கதை. ஒலிப்பலகை ஒரு சுரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வது அரிது. அப்படித் தனித்தனியாகச் சாகும் சுரங்களுக்குக் காரணம் அநேகமாக அந்தந்தச் சுரத்தின் டம்பர், சுத்தியல், கம்பி அல்லது குதிரை ஆணியில் இருக்கும்.

அடுத்தது, மேல்மூடியைத் திறந்து முன்பலகையைக் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் உள்ளே ஒரு மரத்துண்டோ கொக்கியோ இருக்கும். திருப்பினால் பலகை கையோடு வந்துவிடும். செத்துப்போகும் சுரம் ஒன்றின் கட்டையைச் சத்தம் வராமல் மெதுவாக அமுக்கிப் பிடியுங்கள். மறுகை நகத்தாலோ கிட்டார் வாசிக்கும் சிறு தகட்டாலோ அந்தக் கம்பியைச் சுண்டுங்கள். பியானோவில் நான் செய்யும் சோதனைகளில் இதைப்போல் உண்மை சொல்வது வேறில்லை. சுண்டிய சுரம் நெடுநேரம் நின்று, அடித்த சுரம் மட்டும் செத்தால், கம்பியும் குதிரையும் பலகையும் குற்றமற்றவை. பிழை சுத்தியல் பக்கம். சுண்டியபோதும் ‘டக்’ என்று அடங்கினால், டம்பரை ஒரு விரலால் கம்பியிலிருந்து நன்றாக விலக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி சுண்டுங்கள். இப்போது நின்றால் திருடன் டம்பர்தான்.

வலப் பெடலை மிதித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பெடலை மிதித்தால் மற்றக் கம்பிகளும் சேர்ந்து முனகும், எல்லாச் சுரமும் கொஞ்சம் நீண்டதுபோல் கேட்டு ஏமாற்றும். விரலால் ஒரு டம்பரை மட்டும் விலக்குவதுதான் நேர்மையான ஒப்பீடு. இங்கிலாந்தில் செய்த பழைய அப்ரைட் என்கிறீர்கள். திறந்ததும் சுத்தியல்களுக்கு முன்னால் டம்பரை இயக்கும் மெல்லிய கம்பிகள் வரிசையாக நின்று, டம்பர்கள் சுத்தியலுக்கு மேலே இருந்தால் அது பழைய முறை. அதில் பொதுவாக எதிர் முறைப்பாடுதான் வரும், சத்தம் அடங்கவில்லை என்று. உங்களுடையது அந்த வகையாக இருந்தால் டம்பர் சந்தேகத்தைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். மற்ற வகையில் கட்டை அமுங்கும்போது உள்ளே ஒரு சிறு கரண்டி போன்ற உலோகம் டம்பரின் காலைத் தள்ளும். அது வளைந்தோ தேய்ந்தோ போனால் டம்பர் அரைகுறையாக விலகி, கம்பி பலமாக ஆடும்போது ஃபெல்ட்டில் உரசும். மெதுவாக வாசித்தால் சரியாக இருந்து, பலமாக வாசித்தால் சத்தம் சுருங்குகிறது என்றால் இதுதான். ஒரு ரோச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு கட்டையை அமுக்கினால் ஃபெல்ட்டுக்கும் கம்பிக்கும் இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும்.

இனிச் சுத்தியல். கட்டையை மிக மிக மெதுவாக அமுக்குங்கள். சுத்தியல் கம்பியை நோக்கிப் போய், ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இருக்கும்போது தானாக விடுபட்டுப் பின்னுக்கு விழ வேண்டும். விழாமல் கம்பியிலேயே போய்ச் சாய்ந்து நின்றால், நீங்கள் வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் அடித்த சுத்தியலே கம்பியை அமுக்கி நிறுத்துகிறது. அந்த ‘டொக்’ சத்தம் பலமுறை இதுதான். விடுபடும் இடத்தைத் தீர்மானிக்க ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சிறு திருகாணி உண்டு. பழகிய கைக்கு 88 கட்டைக்கும் ஒரு முற்பகல் வேலை. கட்டையை விட்டதும் சுத்தியல் சோம்பலாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். நம்முடைய மாரி காலத்தில், ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, சுத்தியல் சுழலும் அச்சாணியைச் சுற்றியுள்ள சிறு ஃபெல்ட் வளையம் ஈரத்தில் ஊதி ஆணியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் சுத்தியல் கம்பியில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கும். மேற்சுரத்தில் சுத்தியல் கம்பியைத் தொட்டிருக்க வேண்டிய நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குதான், சில சுரங்களில் அதற்கும் குறைவு. ஆகவே அந்த ஒரு கணமே கார்வையைத் தின்றுவிடும்.

இந்த இடத்தில் ஒரு கெஞ்சல். தேங்காய் எண்ணெய், தையல் மெசின் எண்ணெய், துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்பிறே எதையும் உள்ளே விடாதீர்கள். அன்றைக்கு இலகுவாகும். பிறகு ஃபெல்ட் எண்ணெயையும் தூசியையும் சேர்த்துக் குடித்து இறுகிவிடும், சுருதி ஆணிகள் இறுகி நிற்கும் பலகைவரை ஊறினால் பியானோ சுருதியே பிடிக்காது. இறுகிய அச்சுக்கு மருந்து அற்ககோலும் தண்ணீரும் கலந்த ஒரு துளி, அல்லது ஆணியை எடுத்து வளையத்தைச் சற்றுத் துருவி அளவான ஆணி போடுவது. இரண்டையும் அந்த வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

சுத்தியலின் மூக்கையும் ஒருக்கால் தடவிப் பாருங்கள். மூன்று கம்பி மூன்று ஆழமான வெட்டுத் தழும்புகளாகப் பதிந்து, முட்டை வடிவாக இருக்க வேண்டிய நுனி தட்டையாகிப் போயிருக்கும். தட்டைச் சுத்தியல் கம்பியில் அதிக நீளத்தைத் தொடுகிறது, மெல்லிய மேற்பகுதிச் சுரங்களை அதுவே அடக்கிவிடுகிறது. மெல்லிய உப்புத்தாள் ஒட்டிய தட்டைக் குச்சியால் தோளிலிருந்து நுனி நோக்கி, படை படையாக உரித்தெடுப்பதுபோல் தேய்த்து வடிவத்தை மீட்கலாம். உச்சிச் சுத்தியல்களில் ஃபெல்ட் மிக மெல்லியது, இரண்டு தேய்ப்புக் கூடினால் மரம் வந்துவிடும். வடிவம் வந்தபிறகும் சத்தம் மூடிக் கிடந்தால் ஃபெல்ட் நொய்ந்துவிட்டது. நீர்த்த அரக்குக் கரைசலால் கொஞ்சம் உறுதியாக்கலாம். மாறாக, அடி மட்டும் கூர்மையாகக் கேட்டு பின்னால் ஒன்றும் இல்லையென்றால் ஃபெல்ட் கல்லாகிவிட்டது. தோள்ப்பகுதியில் ஊசி குத்தி இளக்க வேண்டும். அடியின் சத்தம் குறைந்தாலே பின்னுள்ள கார்வை காதுக்கு நீண்டதாகத் தெரியும். இரண்டு குறைக்கும் எதிரெதிர் மருந்து என்பதால், சுண்டும் சோதனை செய்யாமல் ஊசியோடு வருபவரைக் கொஞ்சம் மறியுங்கள்.

சுருதி போன வருடம் கூட்டினோம் என்கிறீர்கள். அதையும் நான் சந்தேகப்படுகிறேன், கோபிக்க வேண்டாம். அந்தப் பகுதியில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று கம்பிகள். மூன்றும் ஒரு மயிரிழை விலகினாலும் சத்தம் எழுந்து, சுருங்கி, மறுபடி எழும். சுருங்கும் இடத்தில் கைதூக்கினால் கார்வை இல்லை என்றுதான் தோன்றும். அழிறப்பரை ஆப்பு மாதிரி வெட்டி இரண்டு கம்பிகளுக்கு இடையில் செருகி, மீதி ஒற்றைக் கம்பியை மட்டும் வாசித்துப் பாருங்கள். ஒற்றைக் கம்பி தெளிவாக நெடுநேரம் நின்றால் மூன்றின் ஒற்றுமைதான் கெட்டிருக்கிறது. மூன்று கம்பிகளும் குதிரை வழியாக ஒன்றையொன்று பாதிப்பதால் சுரம் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் அடங்குகிறது என்பதை 1977ஆம் ஆண்டில் கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் விளக்கினார். நல்ல காதுள்ள சுருதிக்காரர் இதைக் கணக்குப் போடாமலேயே செய்கிறார்: மூன்றையும் எங்கே நிறுத்தினால் வால் நீள்கிறதோ அங்கே நிறுத்துகிறார். ஒற்றைக் கம்பியிலேயே சத்தம் அலைந்தால், குதிரையில் அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் ஆணி ஆடுகிறது. சத்தம் ஒலிக்கும்போது திருப்புளி நுனியால் அந்த ஆணியைப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினால் அலைச்சல் நின்றுவிடும், அதுவே சாட்சி. ஆணியின் அடியில் மெல்லிய பசை ஒரு துளி இறக்கினால் போதும் என்ற அளவுக்கு அது சின்ன வேலை.

சுருதி கூட்டியவர் 440க்கு (ஏ சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு என்ற பொது அளவு) கொண்டுவந்தாரா, அல்லது பியானோ இருந்த உயரத்திலேயே தனக்குள் ஒத்துப்போகச் செய்துவிட்டுப் போனாரா? கைத்தொலைபேசிச் செயலி ஒன்றே சொல்லும். பழைய பியானோக்களை அரைச் சுரம் இறக்கி விட்டிருப்பது இங்கே சாதாரணம். கம்பி அறுந்துவிடும் என்ற பயம், நியாயமான பயம்தான். ஆனால் அரைச் சுரம் இறங்கினால் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 11 வீதம் குறைகிறது. ஒரு பியானோவில் எல்லாக் கம்பிகளின் இழுவிசையும் சேர்ந்து 15 முதல் 20 தொன் வரை வரும். அதில் 11 வீதம் சின்னத் தொகை அல்ல. கம்பி குதிரையை அழுத்துவதும் அதற்கேற்பத் தளரும், சுரம் நொய்ந்துபோகும். துரு குறைவாக இருந்தால் இரண்டு மூன்று தவணையாக ஏற்றலாம். உங்கள் வீடு கடலுக்குக் கிட்டத்தான். உப்புக்காற்றில் துரு ஏறியிருந்தால், ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியையும் கொஞ்சம் இறக்கி, துரு பிடித்த இடம் விட்டுக்கொடுத்த பிறகே ஏற்றச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு பலகைக்கு வருவோம். ஒலிப்பலகை தட்டையானதல்ல, கம்பிப் பக்கமாகச் சற்றே புடைத்திருக்கும்; பின்னாலிருந்து பார்த்தால் லேசான குழிவு. பின்னால் குறுக்கே ஒட்டியிருக்கும் சட்டங்களின் போக்கிலேயே ஒரு தையல் நூலைப் பலகையோடு இழுத்துப் பிடித்தால் நடுவில் ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளி தெரிய வேண்டும். நூல் முழுக்கப் பலகையில் ஒட்டிப் படுத்தால் புடைப்பு இறங்கிவிட்டது. அப்படி இருந்தும் நன்றாகப் பாடும் பியானோக்கள் இருப்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். வெடிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது, அதன் இரு பக்கமும் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறதா என்பது மட்டும்தான். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். சட்டம் விட்டுப்போன இடத்தில் ‘சர்’ என்று ஒரு நடுக்கம் கேட்கும். அது பசைபோட்டு இறுக்கக்கூடிய வேலை. ஒட்டத் தெரிந்த ஓடாவியாரும் பக்கத்தில் ஒரு பியானோக்காரரும் இருந்தால் முடியும்.

பலகை உண்மையிலேயே தளர்ந்து, சுண்டிய கம்பி அந்த ஒரு ஸ்தாயியில் மட்டும் வரிசையாகச் சாகிறது என்றால் ஒரு வைத்தியம் இருக்கிறது. குதிரைக்கு நேர் பின்னால், பலகையின் முதுகில், சிறு எடை ஒன்றைப் பொருத்துவது. பாரம் கூடிய பலகை கம்பியின் சக்தியை மெதுவாக வாங்குகிறது, சத்தம் சற்றுக் குறைந்து கார்வை நீளுகிறது. அப்ரைட்டில் பின்பக்கம் திறந்தே இருப்பதால் முதலில் தற்காலிகமாக வைத்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு நிரந்தரமாக்கலாம். பிள்ளைகள் பழகும் அறைக்கு அந்தக் குறைந்த சத்தம் போதும் என்பது என் எண்ணம். புதுப் பலகை போடும் செலவு உங்கள் பியானோவுக்குத் தகாது, அதை மட்டும் வந்தவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பியானோ நிற்கும் இடத்தையும் பாருங்கள். சோளகம் நேரே அடிக்கும் யன்னலோரம் கூடாது, மாரியில் ஈரம் ஏறும் வெளிச்சுவரோடு ஒட்டியும் கூடாது. உள்சுவரில், ஒரு சாண் விலக்கி வையுங்கள். மாரியில் மரம் ஊதிக் கம்பியைக் குதிரை ஆணியில் மேலே தள்ளும், வெயிலில் சுருங்கும்போது கம்பி பழைய இடத்தில் உட்காராமல் நின்றுவிடும். அதனால் சுருதிக்காரரை மாரி முடிந்து தை, மாசியில் கூப்பிடுவது நல்லது. கூட்டுவதற்கு முன் கம்பிகளை மரக்கட்டையால் மெல்ல அழுத்திக் குதிரையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். அழுத்தச் சொல்லுங்கள், அடிக்க விடாதீர்கள். அடித்தால் குதிரையில் பள்ளம் விழும்.

கடைசியாக உங்கள் கம்பிக் கேள்வி. மேல்பகுதி உருக்குக் கம்பிகளை இப்போது மாற்ற வேண்டாம், அதனால் கிடைக்கும் லாபம் குறைவு. கீழ்ப்பகுதியில் கதை வேறு. அங்கே உருக்கின்மேல் செம்பு சுற்றியிருக்கும்; பச்சைக் களிம்பும் தூசியும் சுற்றுகளுக்கு இடையில் இறங்கிக் கம்பி தன் அசைவைத் தானே தின்றுகொள்ளும். உங்கள் கீழ்ச்சுரங்களின் மந்தம் இதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கழற்றி, கம்பியை வளையமாக மடித்து அந்த வளையத்தை நீளத்துக்கு ஓடவிட்டால் கொட்டும் தூசியைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். சுற்றியிருக்கும் திசையிலேயே ஒரு முறுக்குக் கொடுத்துத் திரும்பப் போட்டால் பல கம்பிகள் பாதி உயிராவது திரும்பிவரும். இரண்டு கம்பியில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இல்லையென்றால், குதிரை பலகையிலிருந்து விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதுக்கம்பிக்குக் கொடுக்கலாம். பழையவற்றை எந்தச் சுரம் என்று எழுதிக் கட்டி வையுங்கள். அவற்றை அளந்துதான் புதியவற்றைச் சுற்றுவார்கள்.